ஆறு பேரும் ஒரு சுவரும்

ஒரு கம்பெனியில் யார் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பது இரண்டு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒருவர் கடவுள். மற்றவர் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், அந்த இரண்டாவது வேலையை நான் பார்க்கிறேன். கடவுள் யாரிடமும் பேசுவதில்லை என்பதால் அவருக்குச் சிரமமில்லை. நான் இவர்களோடு தினமும் மத்தியானம் சாப்பிட வேண்டியிருக்கிறது. "இந்த மாசம் கொஞ்சம் டைட்டுப்பா" என்று டீக்காசை அடுத்தவர் தலையில் கட்டுகிறவரின் வருமான வரிப் பிடித்தம் மட்டுமே என் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம் என்று தெரியும். தெரிந்தும், டப்பாவிலுள்ள தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொழில் தர்மம்.

இப்படி மனத்தில் மட்டும் சுமந்துவந்த சம்பளங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளிலும் சுமக்கும்படி ஆயிற்று. அதற்குக் காரணம் ஹெச்.ஆர்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஹெச்.ஆர். பிரிவுக்கு ஊழியர்களிடையே ஒற்றுமை குறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் ஊதிய உயர்வுக் கடிதம் போன மறுவாரம் வரும். ஒரு வருடம் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து மேளம் தட்டச் சொன்னார்கள். இன்னொரு வருடம், கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், சக ஊழியர் பிடித்துக்கொள்வார் என்று நம்ப வேண்டும். பிடிக்க வேண்டியவர் போனில் இருந்தார். இந்த வருடம் தடை ஓட்டம். ஐந்து கிலோமீட்டர், பதினைந்து தடைகள், வழியெல்லாம் சேறு. அணிக்கு ஆறு பேர். ஆறாவது ஆள் கோட்டைத் தாண்டினால்தான் அணி முடித்ததாகக் கணக்கு. அறிவிப்பு மடலின் கடைசி வரி இது: பங்கேற்பது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம், விருப்பமில்லாதவர்கள் அதற்கான காரணத்தை மேனேஜர் வழியாக எழுத்தில் தெரிவிக்கவும்.

மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தபோது இதைச் சொன்னேன். அம்மா முட்டி தேயும்வரை நடவுக்குப் போனவள்.

"சேத்துல எறங்கவா? எத்தனை ஆளு?"

"ஆயிரம் பேருக்கு மேல வருவாங்களாம்மா."

"அம்புட்டு ஆளா? எத்தனை மா நெலம்?"

"நெலமெல்லாம் இல்லம்மா. சும்மா எறங்கி, விழுந்து எந்திரிச்சு ஓடணும்."

"சரி, கூலி எவ்வளவு?"

"கூலி இல்லம்மா. நாமதான் பணம் கட்டணும். ஆளுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். கம்பெனி கட்டுது."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஏன்டி, மாப்ள பக்கத்துல இருக்காரா? போனை அவருகிட்ட குடு."

எங்கள் அணியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மேனேஜர்: தொண்ணூறு கிலோவுக்கு மேல். அவர் சம்பளத்தைத்தான் சொல்லக் கூடாது, எடையைச் சொல்லலாம். ஹெச்.ஆர். பெண்: இந்த யோசனையைக் கொடுத்தவள், புதுச் சிவப்பு ஷூ. டெஸ்டிங்கில் ஒரு பையன்: தினமும் ஜிம், முட்டையின் வெள்ளைக்கரு, தோளில் ஏதோ மிருகம் பச்சை குத்தியிருக்கும். விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர்: எதற்கும் "முடியும் சார்" என்பார், பிறகு காணாமல் போவார். அப்புறம் நான். ஆறாவதாகப் பெயர் கொடுத்திருந்தவருக்கு முந்தின நாள் இரவு தூரத்து உறவில் ஒரு வளைகாப்பு முளைத்துவிட்டது.

ஆறு பேர் இல்லாமல் அணி இல்லை. வேனில் எங்கள் கைப்பைகளைக் காவல்காக்க வந்திருந்த செக்யூரிட்டி சூப்பர்வைசரை ஹெச்.ஆர். பெண் ஏற இறங்கப் பார்த்தாள். வேலூர்ப் பக்கத்துக்காரர், மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர், ஐம்பதைத் தாண்டியவர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாதவர். அவர் கம்பெனி ஊழியர் இல்லை; ஏஜென்சி ஆள். மாதாமாதம் எனக்கு வருவது ஏஜென்சியின் பில் மட்டும். அதில் அவருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் எனக்குச் சம்பளம் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். அதனாலோ என்னவோ அவரோடு மட்டும் என்னால் இயல்பாகப் பேச முடியும்.

"அண்ணே, நீங்க ஓடுவீங்களா?"

"பைகளை யாரு மேடம் பாத்துப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்கிருந்த ஒரே ஆட்சேபம். பைகளை டிரைவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

திருப்போரூருக்கு அப்பால் ஒரு பொட்டல். போகும் வழியெல்லாம் டெஸ்டிங் பையன் சரித்திரம் சொன்னான். இந்தச் சேற்று ஓட்டத்துக்கெல்லாம் மூலவர், இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் நகருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த பில்லி வில்சன் என்பவராம். தனக்குத் தானே 'மிஸ்டர் மவுஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். 1987இல் 'டஃப் கை' என்ற பெயரில் ஆரம்பித்து, ஜனவரிக் குளிரில், உறைந்த குட்டைகளில் ஆட்களை இறக்கி, முப்பது வருடம், 2017 வரை நடத்தியிருக்கிறார். ஓட வருகிறவர்கள் முதலில் ஒரு 'மரண வாரண்ட்'டில் கையெழுத்துப் போட வேண்டும்: எனக்கு என்ன ஆனாலும் அது என் தவறுதான். ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த வில் டீன் இதைப் பார்த்துவிட்டுத் திட்டம் போட்டு, 2010இல் நண்பரோடு சேர்ந்து அமெரிக்காவில் 'டஃப் மட்டர்' தொடங்கினார். யோசனை என்னுடையது என்று வில்சன் சண்டைக்கு வந்தார். கடைசியில் 7,25,000 டாலரில் சமரசம்.

"சேறு யாருடையதுன்னா கேஸு?" என்றார் சூப்பர்வைசர்.

"ஐடியா யாருடையதுன்னு, அண்ணா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையன் தொடர்ந்தான். அதே 2010இல் ஜோ டி சீனா என்பவர் 'ஸ்பார்ட்டன்' பந்தயத்தைத் தொடங்கினார். 2020இல் டஃப் மட்டர் திவால் வழக்கில் சிக்கியபோது ஸ்பார்ட்டனே அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. ஆளுக்கு நூறு டாலர் வாங்கிக்கொண்டு சேற்றில் இறக்கிவிடுவதிலும் நஷ்டம் வரும் என்பது எனக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது. இந்தத் தொழிலிலும் வரவு செலவு பார்க்க ஒருத்தி தேவைதான்.

எங்கள் பந்தயத்தை நடத்தியவர்கள் அந்தப் பெரிய பெயர்களில் யாரும் இல்லை. அவற்றையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு ஜேசிபி வாடகைக்கு எடுத்தவர்கள். வாசலில் எங்களுக்கும் ஒரு படிவம் நீட்டினார்கள். காயம், ஊனம், உயிரிழப்பு எதற்கும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல. மற்றவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் நாமினி பெயர் எழுத இடம் தேடினேன். இல்லை. "உயிரிழப்புன்னு போட்டா நாமினி காலம் இருக்கணுமேப்பா" என்று மேஜையிலிருந்த பையனிடம் சொன்னேன். அவன் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தான்.

முதல் தடை, ஊர்ந்து போவது. முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி, கீழே சேறு. பட்டாளத்தில் முள்கம்பி கட்டுவார்களாம். இங்கே ரிப்பன் மாதிரி மஞ்சள் கயிறு. சூப்பர்வைசர் படுத்த வேகத்தில் மறுபக்கம் எழுந்து நின்றார். எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து எங்களுக்குக் குரல் கொடுத்தார்: "தலையைத் தூக்காதீங்க. பின்பக்கத்தையும் தூக்காதீங்க. முக்கியமா வாயை மூடிக்கிட்டு வாங்க." கடைசி அறிவுரையில் விஷயம் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு தடை ஓட்டத்துக்குப் பிறகு 22 பேருக்கு வயிற்றுப்போக்கு. கால்நடைச் சாணம் கலந்த சேற்றை விழுங்கியதுதான் காரணம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து வெளியிட்டது. ஆனால் மேனேஜரால் வாயை மூடிக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது, வழிநடத்திக்கொண்டே ஊர்ந்தார். நடுவில் குரல் நின்றது. பிறகு துப்பும் சத்தம் வந்தது.

அடுத்தது சேற்றுக் குழி. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பந்தயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்.

அது சேறே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் சேறடிப்பது என்றால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தண்ணீர் கட்டித் திரும்பத் திரும்ப உழ, மண்கட்டி கரைந்து, நுண்ணிய களி கீழே இறங்கி இடுக்குகளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் பாய்ச்சிய தண்ணீர் பூமிக்குள் ஓடாமல் பயிரின் காலடியில் நிற்கும். மேலே பரம்படித்து மட்டம் பண்ணுவார்கள். அந்தச் சேற்றில் கால் வைத்தால் வழுவழுவென்று ஒரே ஆழத்துக்குத்தான் இறங்கும். இங்கே செம்மண்ணில் பள்ளம் தோண்டி டேங்கர் லாரித் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள், அதுவும் மே மாதத்தில். எங்கள் அடுக்ககத்தில் அந்த வாரம் தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு எல்லோரும் பால்கனியில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. ஓரிடத்தில் கணுக்கால், அடுத்த அடியில் இடுப்பு, நடுநடுவே சரளைக்கல். பரம்படிக்காத சேற்றை வயல் என்று காட்டியிருந்தால் அம்மா அந்த நடத்துநர்களை வரப்பிலேயே நிற்க வைத்துப் பேசியிருப்பாள்.

டெஸ்டிங் பையன் பாய்ந்து இறங்கினான். நான்காவது அடியில் நின்றுவிட்டான். தொடையில் எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும் சேர்த்துக் காலை நேர் மேலே இழுத்தான். அப்படி இழுத்தால் பாதத்துக்கடியில் காற்றுப் புக வழியில்லாமல் சேறு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குதிகாலைக் கொஞ்சம் திருப்பி, ஓரமாகக் காற்றுக்கு வழிவிட்டு, பிறகு எடுக்க வேண்டும். சொன்னேன். கேட்டானா? கால் வந்தது, ஷூ வரவில்லை. அதன் விலையை அவனே பல தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறான் என்பதால் நான் இங்கே சொல்லவில்லை.

நான் ஷூவைக் கழற்றி முடிச்சுப்போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடந்தேன். நடவு நடுகிறவர்கள் பின்னால் போய்க்கொண்டே நடுவார்கள். முன்னால் போனால் நட்ட நாற்றை மிதிக்க வேண்டிவரும். சின்ன வயதில் அம்மாவுக்கு நாற்றுமுடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே அந்த நடை எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நின்றவர்கள், ஒரு பெண்மணி முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். குனியாமல் போனதுதான் குறை. கையில் நாற்று இருந்திருந்தால் குனிந்திருப்பேன்.

பிறகு சுவர்.

எட்டு அடி உயரம். பலகைச் சுவர். கயிறில்லை, படியில்லை, மேலே ஒரு விளிம்பு மட்டும். எங்களுக்கு முன்னால் மூன்று அணிகள் காத்திருந்தன. டெஸ்டிங் பையன், ஒரு காலில் ஷூவும் மறுகாலில் காலுறையுமாக, மறுபடி தொடங்கினான். ஒலிம்பிக்ஸிலேயே இது வரப்போகிறதாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021இல் நடந்தபோது, ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்த மாடர்ன் பென்டத்லானில், செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது. முதலிடத்தில் இருந்த ஜெர்மானிய வீராங்கனை சேணத்தில் உட்கார்ந்தபடி அழுகிறார். பயிற்சியாளர் ஆத்திரத்தில் குதிரையைக் குத்திவிட்டார். உலகமே பார்த்தது. விளைவு, குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டு, 2028 லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து அந்த இடத்தில் தடை ஓட்டம்.

"அதாவது குதிரை முடியாதுன்னு சொன்னதை மனுசன் செய்யணும்" என்றார் விற்பனைக்காரர். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் அறிவார்ந்தது. குதிரையிடம் யாரும் காரணத்தை எழுத்தில் கேட்கவில்லை என்பதையும் நான் குறித்துக்கொண்டேன்.

ஒலிம்பிக்ஸுக்கு இது புதிதும் இல்லை. 1900 பாரிஸில் சேன் நதியில் 200 மீட்டர் தடை நீச்சல் நடந்திருக்கிறது: ஒரு கம்பத்தில் ஏறி இறங்கி, வரிசையாக நிறுத்திய படகுகளின் மேல் ஏறிக் கடந்து, அடுத்த வரிசைப் படகுகளுக்கு அடியில் புகுந்து நீந்த வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபிரெடரிக் லேன் ஜெயித்தார். அதோடு அந்தப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். அவருடைய பட்டத்தை இன்றுவரை யாரும் பறிக்கவில்லை. எனக்குப் பிடித்த சாதனையாளர்.

எங்கள் முறை வந்தது. டெஸ்டிங் பையன் ஓடிவந்து எம்பி விளிம்பைப் பிடித்தான், ஏறினான், அந்தப் பக்கம் குதித்தான், ஓடியும் போய்விட்டான். ஐந்து பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் அணியின் மொத்தக் கைபலமும் அடுத்த தடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கூப்பிடுங்க அவனை!" சூப்பர்வைசர் அதுவரை யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. பெங்களூரில் ராணுவ அதிகாரிகள் தேர்வு மையத்தில் அவர் கொஞ்ச காலம் டூட்டியில் இருந்தவர். அங்கே குழுவாகத் தடை தாண்டும் ஒரு தேர்வு உண்டு. பாம்பு மாதிரி நீளமாகச் சுருட்டிய ஒரு பாரத்தைக் குழுவின் கையில் கொடுத்து, எல்லோருமாக அதைத் தூக்கிக்கொண்டு எல்லாத் தடைகளையும் கடக்கச் சொல்வார்கள். பெயரே பாம்பு ஓட்டம்தான். "அதுல எத்தனையோ கெட்டிக்காரப் பசங்களைப் பாத்திருக்கேன் மேடம். இப்படித்தான், தான் மட்டும் தாண்டிட்டு அந்தப் பக்கம் போய் நிப்பான். பாம்பு இந்தப் பக்கம் கிடக்கும்."

பையன் திரும்பி வந்தான். சுவர்மேல் குதிரை ஏறுவதுபோல் உட்காரச் சொன்னார் சூப்பர்வைசர். இறங்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தச் சுவரின் சூட்சுமம் புரிந்தது. மேலே உட்கார்ந்து இழுக்க ஒரு பலசாலி முதலில் போக வேண்டும். கீழே ஆளே இல்லாதபோது தானாக ஏற, கடைசியிலும் ஒரு பலசாலி வேண்டும். நடுவில் போகிறவர்களுக்குத் தகுதி எதுவும் தேவையில்லை. கம்பெனியில் நடு அடுக்கில் அவ்வளவு பேர் எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள் என்று பலகாலம் யோசித்திருக்கிறேன்.

ஹெச்.ஆர். பெண் போனாள். விற்பனைக்காரர் "முடியும் சார்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் விழுந்தார். அடுத்து மேனேஜர்.

சூப்பர்வைசர் சுவரில் முதுகை வைத்து, அரை உட்காரலாக நின்று, தொடையைப் படியாகக் கொடுத்தார். இரண்டாவது படி என் தோள். "நான் உங்க தோள்ல கால் வைக்கறதா? தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் மேனேஜர். போன வருடம் என் ஊதிய உயர்வைப் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னார். ஏறினார். இடது தோளில் அடிப்படைச் சம்பளமும் வீட்டு வாடகைப் படியும், வலது தோளில் சிறப்புப் படியும் வருடாந்தர ஊக்கத்தொகையும். வருங்கால வைப்பு நிதி எங்கோ என் கழுத்தெலும்பில். ஒரு நிறுவனத்தின் ஊதியக் கட்டமைப்பை இவ்வளவு துல்லியமாக உணர்ந்த கணக்காளர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. அவர் ஷூவிலிருந்த சேறு வழிந்து என் காதுக்குள் இறங்கியது. அதற்குத் தனிப் படி கிடையாது.

கை விளிம்பை எட்டிவிட்டது. உடம்பு எட்டவில்லை. பையன் மேலிருந்து இழுக்கிறான், அசையவில்லை.

"கீழேருந்து தள்ளுங்க!"

"எங்கே தள்றது?" என்று கேட்டேன். தள்ளுவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. என் தலைக்கு நேர் மேலே, முழு நிலவாக இருந்தது.

பணியிடத்தில் யாரை எங்கே தொடக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து வருடாவருடம் எங்களுக்கு வகுப்பெடுக்கிறவள் இந்த ஹெச்.ஆர். பெண். அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: "பரவால்ல மேடம், தள்ளுங்க! நான் பொறுப்பு!" மேனேஜர் மேலிருந்து, அழாக்குறையாக, "சம்மதம்! சம்மதம்!" என்றார். நான் இரண்டு கையையும் வைத்தேன். சூப்பர்வைசர் பெல்ட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ரெஜிமெண்டின் போர்முழக்கத்தை எடுத்துவிட்டார்:

"வீர மதராஸி! அடி கொல்லு! அடி கொல்லு!"

மேனேஜர் ஏறியது எங்கள் பலத்தினாலா, பயத்தினாலா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கணம் முன்புவரை என் தலைக்கு மேல் இருந்தவர் இல்லை. பக்கத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் இல்லை.

நான் ஏறியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏறினேன்.

கடைசி ஆள் கீழே தனியாக நின்றார். பத்தடி பின்வாங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், அவ்வளவு சேற்றிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓடிவந்து ஒரு காலைச் சுவரில் உதைத்து எழும்பினார். ஒரு கையைப் பையன் பிடித்தான். இன்னொரு கையைப் பிடித்தவர் மேனேஜர். அந்தப் பக்கம் இறங்காமல், சுவர்மேல் வயிற்றை வைத்துப் படுத்து, முகம் சிவக்க இழுத்தார். அவர் ஒருவரை மேலே தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதவி உயர்வுப் பட்டியல் என் மேஜை வழியாகத்தான் போகிறது என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஐஸ் தொட்டி. டஃப் மட்டரில் இதற்கு 'ஆர்க்டிக் எனிமா' என்று பெயர் என்றான் பையன். விளக்கெண்ணெய்க் காலத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே வயிறு இறங்கியது. ஐஸ் பாளங்களை உடைத்துப் போட்ட தண்ணீர்த் தொட்டி; நடுவில் ஒரு பலகை; அதற்கடியில் முங்கி எழ வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதில் இறங்குகிறவர்கள் அலறுவார்களாம். இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் சென்னையின் மே மாதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மணி பத்தரை. கால் வைத்தால் மண் சுடுகிறது. தொட்டிக்குள் முப்பது பேர் கழுத்தளவு நின்றுகொண்டு குடும்ப விஷயங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே வரத் தயாரில்லை. ஒருவர் பலகைக்கடியில் முங்கி எழுந்து, சுற்றிவந்து மறுபடி வரிசையில் நின்றார். தன்னார்வலர் பையன் விசிலை ஊதி ஊதிக் களைத்துப்போய், கடைசியில் அவனும் உள்ளே இறங்கிவிட்டான். எங்கள் அணி மிக அதிக நேரம் எடுத்துக்கொண்ட தடை அதுதான்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். ஈட்டி எறிதலில் வைக்கோல் பொம்மையைத் தவிர எல்லாவற்றின் மீதும் எறிந்தோம். தவறினால் ஸ்பார்ட்டனின் பழைய வழக்கப்படி முப்பது பர்ப்பி, அதாவது படுத்து எழுந்து குதிக்க வேண்டும். "தம்பி, அதுக்குப் பதிலா முப்பது தோப்புக்கரணம் போட்டா ஒத்துப்பியா?" என்று அங்கிருந்த தன்னார்வலர் பையனிடம் கேட்டேன். அவன் வாக்கிடாக்கியில் மேலிடத்தைக் கேட்டு, சரி என்றான். ஈட்டிப் பொம்மைக்கு எதிரில் ஆறு பேர் வரிசையாகக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒரு வெளிநாட்டுக்காரர் படமெடுத்துக்கொண்டார். எண்ணெய் தடவிய சரிவுப் பலகையில் ஒருவர்மேல் ஒருவராக நின்று ஏறினோம். உறியடித் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுகிற பையன்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள், ஆனால் உச்சியில் பணமுடிப்பு இருக்கும். எங்களுக்கு உச்சியில் இன்னொரு தன்னார்வலர் இருந்தார்.

ஆறு பேரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டினோம். கழுத்தில் மெடல், கையில் மோர்ப் பாக்கெட். படமெடுத்தபோது தலையிலிருந்து கால்வரை ஒரே நிறத்தில் ஆறு உருவங்கள். ஹெச்.ஆர். பெண் அன்று மாலையே அதை லிங்க்ட்இன்னில் போட்டு ஒவ்வொருவர் பெயரையும் குறித்தாள். நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் உருவத்தின்மேல் மேனேஜர் பெயர். எங்கள் எம்.டி. வெளிநாட்டிலிருந்து அதற்குக் கீழே, முன்னால் நின்று வழிநடத்துகிறவர் இப்படித்தான் இருப்பார், அந்த நிற்கும் தோரணையே சொல்கிறது என்று எழுதியிருந்தார். இருநூறுக்கு மேல் லைக். நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் சூப்பர்வைசர். மேனேஜர் ஓரத்தில், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். திருத்தம் எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போது வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். ஐடி கார்டை மறந்துவிட்டு வந்திருந்தார்.

"என்னப்பா, என்னைத் தெரியாதா?"

"தெரியும் சார்" என்றார் சூப்பர்வைசர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. "ரூல் சார்." பார்வையாளர் பதிவேட்டைத் திருப்பிப் பேனாவோடு நீட்டினார். மேனேஜர் பெயர் எழுதினார், நேரம் எழுதினார், 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து என் பெயரை எழுதினார். நான் உத்தரவாதம் கொடுத்து அவரை உள்ளே அழைத்துப் போனேன். லிஃப்டில் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தோள் வலி.

மாதக் கடைசியில் ஏஜென்சி பில் வந்தது. வழக்கமான வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: ஞாயிறு, ஓவர்டைம், எட்டு மணி நேரம், இரட்டை விகிதம். ஓவர்டைம் என்றால் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு சீட்டு இணைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அதிகாரி அதில் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டு இருந்தது. பணி விவரம் என்ற கட்டத்தில் சூப்பர்வைசர் தன் உருண்டை எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், 'மேனேஜர் சாரைச் சுவர் தாண்ட வைத்தது' என்று எழுதியிருந்தார். கீழே மேனேஜரின் கையெழுத்தும் இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.